உருக்குவது யார்?

மலாக்கா நகரத்தை விட்டு வடமேற்கே புறப்பட்டுத் தஞ்சோங் மிஞ்ஞாக்கைத் தாண்டி வரும் ஒருவர், தொழிற்சாலைக் கூரைகளும் வரிசை வரிசையான தாமான் வீடுகளும் நிறைந்து நிற்கும் இன்றைய புக்கிட் ரம்பாயைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்து மண்ணின் மீது ஒரு காலத்தில் ரப்பர் மரத்தின் நிழல் எவ்வளவு அடர்த்தியாகக் கவிந்திருந்தது என்பதை எளிதில் ஊகித்துவிட முடியாது. ரம்பாய் என்பது கொத்துக் கொத்தாகத் தொங்கும், புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு பழத்தின் பெயர். புக்கிட் என்றால் குன்று. பழத்தின் பெயரைத் தாங்கிய இந்த ஊர் இருக்கும் இதே மலாக்கா மாநிலத்தில்தான், 1896-ஆம் ஆண்டு, புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபார நோக்கத்தோடு ரப்பரைப் பயிரிட்டார். அதன் பின்னர், கடல் கடந்து வந்த நம்மவர்கள் விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, பனியும் இருளும் கலையாத மரங்களுக்கிடையே உளியும் வாளியுமாக நடந்து, மங்குகளில் சொட்டும் வெண்பாலைக் கொண்டு இந்த நாட்டின் செல்வத்தைப் பெருக்கிய வரலாற்றை நாம் பல முறை சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்த லயங்களின் பலகைச் சுவர்களைக் கடந்து இரவெல்லாம் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்த இருமல் சத்தத்தைப் பற்றி நாம் அதிகமாகச் சொன்னதில்லை. அதைச் சொல்வதில் நமக்கு ஒரு கூச்சம் இருந்தது, இன்னும் இருக்கிறது.

அந்த இருமலுக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பெயரைக் கொடுத்தது. மலாய்க்காரர்கள் அதனை 'பாத்தோக் கெரிங்', அதாவது வறட்டு இருமல், என்றார்கள். வடமொழி வைத்திய நூல்கள் ராஜயக்ஷ்மா என்றும் க்ஷயம் என்றும் அழைத்தன. தக்ஷன் இட்ட சாபத்தால் சந்திரன் நாளுக்கு நாள் தேய்ந்த கதை, இந்த ரோகத்துக்கே உரிய புராணமாகக் கொள்ளப்பட்டது. தமிழ் மக்களோ, எல்லாவற்றினும் பயங்கரமான, ஆனால் எல்லாவற்றினும் கூர்மையான ஒரு பெயரைச் சூட்டினார்கள்: எலும்புருக்கி. கொழுத்த உடம்பு கரைந்து, கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்கும் நிலையைக் கண்ணால் கண்டவர்களே இப்படியொரு பெயரை வைத்திருக்க முடியும். இருப்பினும் அந்தப் பெயருக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. உருகுவது நம் சரீரம், சரி. உருக்குவது யார்? கிருமிதான் என்று நாம் அனைவரும் பதில் சொல்லுவோம். அந்தப் பதில் பாதி உண்மை என்பதும், மற்றப் பாதி நம்முடைய சொந்த ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும், கடந்த இருபது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் சிறிது சிறிதாகத் தெளிவுபடுத்தி வரும் விஷயம்.

1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் தேதி, பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் மருத்துவர், எலும்புருக்கியாகிய காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு சிறிய சபையின் முன் அறிவித்தார். அச்சபையில் அமர்ந்து கேட்டவர்களுள் பால் எர்லிக் என்னும் இளைஞரும் ஒருவர். சாயங்களின் மீது அளவற்ற மோகம் கொண்டவர் அவர். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, வெள்ளணுக்கள் யாவும் ஒரே ஜாதியல்ல, அவற்றுள் பல பிரிவுகள் உண்டு என்று காட்டியிருந்தார். அமிலச் சாயத்தை விரும்பி ஏற்பவை சில, காரச் சாயத்தை ஏற்பவை சில. இரண்டிலும் சாராமல் நடுநிலையான சாயத்தை ஏற்கும் நுண்மணிகளைத் தம்முள் கொண்டவை சில. இந்த மூன்றாம் வகைக்குத்தான் 'நியூட்ரோஃபில்' என்று பெயர் ஏற்பட்டது. இன்று நம் ஊர்க் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்து வாங்கும் தாளில், வெள்ளணுக்களின் கணக்குக்குக் கீழே முதலாவதாகவும் பெரிய எண்ணோடும் நிற்பது பெரும்பாலும் இந்தப் பெயர்தான். கோக்கின் சொற்பொழிவைக் கேட்டுத் திரும்பிய எர்லிக், காசக்கிருமிக்குச் சாயமேற்றும் முறையையும் விரைவில் செம்மைப்படுத்தினார். பிற்பாடு அதே கிருமி அவருடைய சளியிலேயே காணப்பட்டது. உடல் தேற வேண்டி அவர் எகிப்து தேசத்துக்குப் போய்த் தங்க நேர்ந்தது. நம் உடலின் காவலனான நியூட்ரோஃபிலுக்குப் பெயர் கொடுத்த கையே பகைவனையும் அடையாளம் காட்டி, அந்தப் பகைவனால் தீண்டவும்பட்டது என்பதை நினைக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுதான் போகிறது.

இன்னொருவருடைய கதை இதைவிட உருக்கமானது. ருஷ்ய தேசத்து விஞ்ஞானியான இலியா மெச்னிகாஃப் மணந்த முதல் மனைவி லுட்மிலா, திருமண நாளன்று தேவாலயத்துக்கு நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட வேண்டிய அளவுக்கு இதே நோயால் நலிந்திருந்தாள். சில ஆண்டுகள் அவளை எப்படியேனும் காப்பாற்றிவிட வேண்டுமென்று ஊர் ஊராக அலைந்தும் பயனின்றி, 1873-இல் அவள் காலமானாள். அந்தத் துயரத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், இத்தாலியின் மெஸ்ஸினாக் கடற்கரையில் தங்கியிருந்தபோது, கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள் ஒன்றைக் குத்திவைத்து, மறுநாட் காலையில் பார்த்தார் மெச்னிகாஃப். அங்குமிங்கும் திரிந்துகொண்டிருந்த அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து கொண்டு அதனை விழுங்க முயன்றுகொண்டிருந்தன. பகைப்பொருளை விழுங்கி அழிக்கும் ஒரு காவற்படை உயிர்களின் உடலுக்குள் உண்டு என்ற மாபெரும் கருத்து அந்தக் காலைப்பொழுதில் பிறந்தது. அப்படையில் பெருவிழுங்கி, சிறுவிழுங்கி என இரு பிரிவுகளை அவர் கண்டார். அவர் சிறுவிழுங்கி என்று குறித்ததே எர்லிக்கின் நியூட்ரோஃபில். இருவருக்கும் 1908-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சேர்த்தே வழங்கப்பட்டது.

இந்தச் சிறுவிழுங்கியின் வாழ்க்கை அற்பாயுசு. எலும்பின் மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் இறங்கி, சில மணி நேரமோ சில நாட்களோ சுற்றி வந்து மடிந்து போவது அதன் விதி. அவ்வாறு மடிபவற்றை ஈடுசெய்ய, ஆரோக்கியமான ஒரு மனிதரின் மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. வளர்ந்தவர்களின் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் நூற்றுக்கு 50 முதல் 70 வரை இவையே. கையில் முள் தைத்தாலும், பல்லில் சீழ் கட்டினாலும், எச்சரிக்கை கிட்டியவுடன் முதலில் ஓடி வருபவை இவை. சீழ் என்று நாம் அருவருத்துத் துடைத்தெறிவதில் பெரும் பகுதி, நமக்காகப் போராடி மாண்ட இந்த அணுக்களின் சடலங்களே. இவற்றின் நுண்மணிகளுக்குள் பலவிதமான ஆயுதங்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. வெளுப்பு மருந்தை ஒத்த அமிலத்தை உண்டாக்கும் ஒரு நொதி. புரதத்தை அறுக்கும் எலாஸ்டேஸ். உடலின் தசைநார்களுக்குக் கயிறு போல் பயன்படும் கொல்லாஜனைத் துண்டிக்கும் மற்றொரு நொதி. இவை போதாவென்று, சாகும் தறுவாயில் தன் உட்கருவிலுள்ள மரபணு இழைகளையே வெளியே வீசி, வலை போல விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கும் வல்லமையும் இதற்கு உண்டு என்பது 2004-ஆம் ஆண்டில் பெர்லினில் கண்டறியப்பட்டது. கோக் நின்று பேசிய அதே நகரம்.

சாதாரணக் கிருமிகளுக்கு இந்த ஆயுதங்கள் போதும். காசக்கிருமி சாதாரணமானதல்ல. மெழுகு போன்ற கனத்த உறையைப் போர்த்திக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு தடவை மாத்திரமே இரண்டாகப் பிரிந்து பெருகும் ஜீவன் அது. நோயாளி ஒருவர் இருமும்போதோ பேசும்போதோ காற்றில் கலக்கும் நுண்துளிகளில் ஏறி, சுவாசகோசத்தின் அடியாழத்திலுள்ள காற்றறைகளை அது அடைகிறது. அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கி அதனை விழுங்குகிறது. ஆனால் விழுங்கப்பட்ட கிருமி செரிக்கப்படாமல், விழுங்கிய வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தைச் சுற்றிப் பல வகை அணுக்கள் வேலி கட்டினாற்போல் திரண்டு ஒரு முடிச்சாக அமைகின்றன. பெரும்பாலோரிடம் அந்த வேலி ஆயுள் முழுவதும் உறுதியாக நிற்கும். உலக ஜனத்தொகையில் சுமார் நான்கிலொருவர் காசக்கிருமிக்கு ஆளானவர்கள் எனக் கணக்கிடப்பட்டிருந்தும், அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் என்றேனும் நோயில் விழுகிறார்கள் என்பதற்கு அதுவே காரணம். வேலி எப்போது உடைகிறது, யார் உடைக்கிறார்கள் என்பதே நாம் தொடங்கிய கேள்வி.

நியூட்ரோஃபில் நமக்கு நண்பன் என்று சாட்சி சொல்லும் ஆய்வுகளை முதலில் சொல்வதே நியாயம். லண்டனில் காசநோயாளிகளோடு பழகியவர்களைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், யாருடைய ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் அதிகமாயிருந்தனவோ அவர்களுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்புக் குறைவாயிருந்தது. அந்த அணுக்களை நீக்கிய ரத்தத்துக்குக் கிருமியை அடக்கும் சக்தியும் குன்றியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த மற்றோர் ஆய்வு, தமிழர்களாகிய நாம் தனி உரிமையோடு நினைவுகூரத்தக்கது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனுடைய தங்கை லலிதா ராமகிருஷ்ணன் தம் ஆராய்ச்சி வாழ்க்கையைக் காசநோய்க்கே அர்ப்பணித்தவர்; இப்போது கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருக்கிறார். உடம்பு முழுதும் ஊடுருவித் தெரியும் சிறு வரிமீன் குஞ்சுகளுக்குள், காசக்கிருமியின் நெருங்கிய உறவான மீன் கிருமியைச் செலுத்தி, உயிரோடு இருக்கும்போதே உள்ளே நடப்பதை நுண்ணோக்கியின் வழியாக அவரும் அவருடைய குழுவினரும் பார்த்தார்கள். மெச்னிகாஃப் கண்ட காட்சியின் தொடர்ச்சி அது என்றே சொல்லலாம். முடிச்சின் ஆரம்பக் கட்டத்தில், கிருமியை அடக்கமாட்டாமல் செத்துக்கொண்டிருக்கும் பெருவிழுங்கிகளை நோக்கி நியூட்ரோஃபில்கள் விரைந்து வந்து, அவற்றோடு சேர்த்துக் கிருமிகளையும் விழுங்கி, அவற்றில் ஒரு பகுதியைக் கொன்றதை அவர்கள் 2012-இல் எடுத்துக்காட்டினார்கள்.

ஆகவே ஆரம்பத்தில் இந்தக் காவலன் உண்மையாகவே காக்கிறான். நோய் முற்றிய பிறகு நடப்பது வேறு. கொரியாவில் நோயாளிகளின் சளியையும், சுவாசக் குழாய்களைக் கழுவியெடுத்த நீரையும், அறுவை செய்து எடுத்த நுரையீரல் துண்டுகளிலிருந்த பொந்துகளின் உட்பொருளையும் ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே கிருமிகளைத் தம்முள் மிகுதியாகச் சுமந்துகொண்டிருந்தவை பெருவிழுங்கிகளல்ல, நியூட்ரோஃபில்களே என்று காட்டியது. விழுங்கப்பட்ட கிருமி அவற்றைச் சிதைத்துச் சாகடித்துவிட, அந்தச் சிதைவுகளை உண்ணும் மற்ற அணுக்களுக்குள் கிருமி குடியேறி மேலும் பெருகுகிறது. அதே 2010-இல், லண்டனிலும் கேப்டவுனிலும் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்த ஆனி ஓகாரா என்னும் பெண் விஞ்ஞானியின் குழு, காசநோய்க்கென்றே உரிய ஒரு மரபணு முத்திரையை அந்த ரத்தத்தில் படித்தெடுத்தது. இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருளால் தூண்டப்பட்ட அந்த முத்திரை முக்கியமாக நியூட்ரோஃபில்களிலிருந்தே எழுந்தது. எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் எவ்வளவு பாழ்பட்டிருந்ததோ அவ்வளவுக்கு அது ஆழமாகப் பதிந்திருந்தது. சிகிச்சை பலித்தவுடன் மங்கி மறைந்தது.

இனி, பாழ்படுவது எப்படி என்று பார்ப்போம். ஏனெனில் இதுவே இவ்விஷயத்தின் உயிர்நாடி. நம்முடைய நுரையீரல் கல்லாலும் மண்ணாலும் கட்டியதல்ல. கொல்லாஜன் கயிறுகளாலும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் எலாஸ்டின் இழைகளாலும் பின்னிய ஒரு மெல்லிய கூடு. கிருமி அந்தக் கூட்டை நேரே கடித்துத் தின்பதில்லை. கூட்டை அறுப்பவை பெரும்பாலும் நம் சொந்த அணுக்கள் சிந்தும் நொதிகளே. போரிட வந்த நியூட்ரோஃபில்கள் ஆயிரமாயிரமாக ஒரே இடத்தில் குவிந்து, கிருமியையும் கொல்ல முடியாமல், தாமும் ஒழுங்காக மடிய முடியாமல் வெடித்துச் சிதறும்போது, உள்ளே பூட்டி வைத்திருந்த எலாஸ்டேஸும் கொல்லாஜனை அறுக்கும் நொதியும் வெளியே கொட்டிவிடுகின்றன. வீசிய மரபணு வலை காசக்கிருமியைப் பிடித்து வைக்கிறதே ஒழியக் கொல்வதில்லை. மாறாக, அந்த நொதிகளையே தன்னில் ஒட்டவைத்துக்கொண்டு திசுவின் மேல் படிந்து கிடக்கிறது. முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக் கட்டியைப் போலக் குழைந்து, ஒரு நாள் சுவாசக் குழாயொன்றைத் துளைத்துக்கொண்டு வெளியேற, அவ்விடத்தில் ஒரு பொந்து உண்டாகிறது. காற்றோட்டமுள்ள அந்தப் பொந்தில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. நோயாளி இருமும்போது வெளிவருவது அந்தப் பொந்தின் சரக்குதான்; சளியில் ரத்தம் காண்பதும் பெரும்பாலும் பொந்தின் ஓரத்து நாளங்கள் அரிக்கப்படுவதால்தான். நுரையீரல் உருகாத காசநோயாளி பிறருக்கு நோயைப் பரப்புவது குறைவு. அப்படியானால், நம் காவற்படையின் கட்டுக்கடங்காத கோபத்தைத் தான் பரவும் வழியாகவே இந்தக் கிருமி ஆக்கிக்கொண்டிருக்கிறது என்று கூறுவது மிகையாகாது. எலும்புருக்கி என்று பெயர் வைத்த முன்னோர் உருகுவதைச் சரியாகக் கண்டார்கள். உருக்கும் நெருப்பில் பெரும் பங்கு வீட்டுக்குள்ளிருந்தே மூண்டது என்பதைக் காண்பதற்கு அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை.

மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு இந்த அளவுப் பிசகைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் உளியை மேலோட்டமாக இழுத்தால் பால் வடியாது. சற்றே அழுத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டாலோ, மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை மறுபடியும் சீராக வளராமல் முடிச்சு முடிச்சாக வீங்கிப் போய்விடும். பாலுக்கும் காயத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் அரிசியின் கனம்கூட இராது; அந்தத் தூரத்தைக் கையால் உணர்பவரே நல்ல வெட்டுக்காரர். உடம்பின் காவற்படை காட்டும் கோபமாகிய அழற்சியும் இத்தகைய ஓர் அளவிலேதான் நிற்கிறது. லலிதா ராமகிருஷ்ணனின் குழுவினர் வரிமீன்களில் கண்ட மற்றொரு முடிவு இதற்குப் பொருந்தி வருகிறது. அழற்சியைத் தூண்டும் சக்தி குறைந்த மீன்களில் கிருமி தங்குதடையின்றிப் பெருகியது. அச்சக்தி மிகுந்த மீன்களிலும் பெருவிழுங்கிகள் வெடித்துச் சாக, கிருமி வெளியே பரவிப் பெருகியது. குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு.

இந்த அளவைக் குலைக்கும் காரணங்களுள் ஒன்று, மலேசியத் தமிழர்களின் வீடுகளில் மிகவும் பழக்கப்பட்டது. அது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களுக்குள் மட்டும் கணக்கிட்டால் அது 31.4. மூவரில் ஒருவர் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் சுமார் மூன்று மடங்கு. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுவதால் இப்படி நேர்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். உண்மை அவ்வளவு எளிதானதல்ல. சென்னையில் நோயாளிகளிடமிருந்து பெற்ற ரத்தத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, காசமும் நீரிழிவும் சேர்ந்திருப்போரிடம் நியூட்ரோஃபில் சம்பந்தமான கிளர்ச்சி குறைந்திருக்கவில்லை, காசம் மட்டும் உள்ளவர்களைவிட மிகுந்திருந்தது என்று தெரிவித்தது. அடக்க வேண்டிய கிருமியை அடக்காமல், அடக்கமாக இருக்க வேண்டிய திசுவின் மீது பாய்கிற குழப்பம் அது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பதற்காக என்று மட்டுமே எண்ணியிருக்கும் நம்மவர்கள், நுரையீரலையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உரியது.

நெருப்பை மூட்டுவது நம் அணுக்களே என்றால், கிருமியைக் கொல்லும் மருந்தோடு அந்த நெருப்பைத் தணிக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்விக்கான முயற்சி நமக்கு அண்டை வீடான சிங்கப்பூரிலேயே நடந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. டாக்டர் காத்தரின் ஓங்கும் அவருடைய சகாக்களும், நியூட்ரோஃபில் சிந்தும் கொல்லாஜன் அறுப்பு நொதி காசநோயில் திசுவை எவ்வாறு அழிக்கிறது என்பதை 2015-இல் விளக்கிய பின்னர், டாக்ஸிசைக்ளின் என்னும் பழைய, விலை மலிந்த மருந்து அந்த நொதிகளை அடக்கவல்லது என்பதைக் கருத்திற்கொண்டு, 30 நோயாளிகளைக் கொண்ட ஒரு சோதனையை நடத்தினார்கள். வழக்கமான காச மருந்துகளோடு இரண்டு வாரம் மட்டும் டாக்ஸிசைக்ளின் பெற்றவர்களிடம் அந்த நொதிகள் தணிந்தன. கொல்லாஜனும் எலாஸ்டினும் அறுபடுவது குறைந்தது. பாதுகாப்பிலும் குறை தோன்றவில்லை. 2021-இல் இம்முடிவு வெளியாயிற்று. முப்பது பேர் என்பது மிகச் சிறிய தொகை. நுரையீரலின் நிரந்தர நலத்தை இம்மருந்து காக்கிறதா என்று சொல்ல இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். ஆகையால் இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்துக் கடைக்குச் சென்று அம்மாத்திரையைக் கேட்க வேண்டாம். இன்றைக்குக் காசத்தைப் பெரும்பாலும் குணப்படுத்துவது, முதலிரண்டு மாதம் நான்கு மருந்துகளும் பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்துகளுமாக, விடாமல் சாப்பிட வேண்டிய ஆறு மாதச் சிகிச்சைதான். மெதுவாகப் பெருகி, தூங்குவது போல் பதுங்கியிருக்கும் கிருமியைக் கொல்ல அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது.

அந்தச் சிகிச்சையை வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ளலாம் என்பதை உலகத்துக்கு நிரூபித்துக் கொடுத்தது ஒரு தமிழ் நகரம் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மலைக்காற்றும் தனிப் படுக்கையும் இருந்தால்தான் க்ஷயம் தீரும் என்ற நம்பிக்கை நிலவிய காலத்தில், 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் ஒன்றை நிறுவினார்; மலாயாவிலும் 1950-களில் கோலாலம்பூரில் லேடி டெம்பிளர் ஆஸ்பத்திரி காசநோயாளிகளுக்கென்றே எழுந்தது. ஆனால் எத்தனை பேருக்குப் படுக்கை கிடைக்கும்? 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை நெருக்கடியான தங்கள் வீடுகளிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்தை ஓராண்டுக் காலம் கொடுத்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமையில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 1959-இல் வெளிவந்தபோது, போஷாக்கும் ஓய்வும் குறைந்த வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அதனால் ஆபத்து மிகவில்லை. தகுந்த மருந்து உள்ளே சென்றதும் தொற்றும் சக்தி விரைவாகக் குறைந்துவிடுவதே காரணம். அன்றைய மலாயாவும் 1961-இல் தன் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இவ்வளவும் நடந்த பிறகும், காசம் கண்டவருக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு, திண்ணையில் தனிப் பாய் என்று ஒதுக்கிவைத்த வழக்கத்தை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். தட்டிலும் தம்ளரிலும் இந்த நோய் ஒட்டிக்கொள்வதில்லை என்று எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. ஒதுக்கப்படுவோமென்ற அச்சத்தினால் இருமலை மறைத்தார்கள். தோட்டத்து டிரெசர் கொடுத்த இருமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மரம் வெட்டப் போனார்கள். மறைத்த ஒவ்வொரு மாதமும் உள்ளே நியூட்ரோஃபில்கள் கூட்டை அறுத்துக்கொண்டிருந்த மாதம். இதைத்தான் நான் நம் வாசகர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். கிருமியைப் பெரும்பாலும் மருந்தால் கொன்றுவிட முடியும். அறுபட்ட நுரையீரலை மீண்டும் நெய்து கொடுக்கும் மருந்து இன்னும் கிடையாது. சளியில் கிருமி இல்லை, நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட பிறகும், மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்து, அடிக்கடி சளி கட்டி, வேலைக்குப் போக முடியாமல் வாழ்நாளைக் கழிப்பவர்கள் பலர். அவர்களைக் குணமானவர் கணக்கில் எழுதிவிட்டு மறந்துவிடுவது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

உலகில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடியே எட்டு லட்சம் பேர் காசநோயில் விழுந்தார்கள். பன்னிரண்டரை லட்சம் பேர் மாண்டார்கள். மலேசியாவில் இன்றும் ஆண்டுதோறும் 25,000-க்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. புக்கிட் ரம்பாயில் லயங்கள் மறைந்து தாமான்கள் எழுந்துவிட்டதனால் இது நமக்கு உரியதல்ல என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலும், மாலையில் காய்ச்சலும் இரவில் வியர்வையும் கண்டாலும், காரணமின்றி உடம்பு இளைத்தாலும், பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குச் சென்று சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், கூட இருப்பவர்கள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆறு மாத மருந்து முடிந்த பிறகும் மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று சமாதானம் செய்துகொள்ளாமல், மறுபடியும் மருத்துவரிடம் போய், என் நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.